உடைமரமும் சீமைக்கருவேலும் ஒன்றல்ல

கேள்வி: எங்கள் புஞ்சை வரப்பில் குடை விரித்ததுபோல் ஒரு முள்மரம் நிற்கிறது. தாத்தா அதை உடைமரம் என்பார். பொக்லைன் ஓட்டுநரோ, ‘இதுவும் சீமைக்கருவேல்தான், வேரோடு எடுத்துவிடலாம்’ என்கிறார். எடுத்துவிடலாமா? அதனால் பயன் ஏதும் உண்டா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் தாத்தா சொன்னதே சரி. அது குடைவேல் என்றும் அழைக்கப்படும் நாட்டு மரம்; தென்தமிழகத்து வறண்ட நிலங்களுக்கும் இலங்கைக்கும் உரியது. சீமைக்கருவேலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைகளை ஒட்டிச் சீமைக்கருவேலை அகற்றும் பணி வேகமெடுத்ததிலிருந்து, முள்ளைக் கண்டாலே இயந்திரத்தை இறக்கும் வழக்கம் வந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

ஐயம் இருந்தால் ஒரு கிளையைக் கையருகே இழுத்துப் பாருங்கள். உடைமரத்தில் விரல்நீள வெள்ளை முட்கள் ஊசிபோல் இணையிணையாக நீண்டிருக்க, அதே கிளையில் கொக்கிபோல் வளைந்த குட்டை முட்களும் இருக்கும். பூ வெள்ளை நிறத்தில் சிறு உருண்டையாகவும், காய் தடித்துச் சுருண்டும் இருக்கும். சீமைக்கருவேலின் பூ மஞ்சள் கலந்த கதிர். அதன் நெற்று நீண்டு தட்டையானது.

பயன்களில் முதன்மையானது ஆட்டுத்தீவனம். புல் காய்ந்துபோன காலத்தில் கீதாரிகள் எனப்படும் ஆட்டிடையர்கள் தொரட்டியால் கிளையைப் பற்றி உலுக்கினால் நெற்றுகள் பொலபொலவென உதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் கிடையாடுகள் அத்தனையும் மரத்தடிக்கு ஓடிவருவதைப் பார்த்தவர்கள் இந்த மரத்தை வெட்டத் துணியமாட்டார்கள். செரிக்காத விதைகள் புழுக்கையோடு வெளிவந்து, மழைக்குப்பின் கிடை போட்ட நிலத்தில் தாமாகவே முளைப்பதும் உண்டு. கழித்த கிளைகளைக் கவைக்கம்பால் தள்ளி அடுக்கினால், ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துக்கும் செலவில்லாத வேலி கிடைத்துவிடும். கட்டை கெட்டியானது; விறகாகவும் கரியாகவும் நின்று எரியும்.

முள் குத்துமோ என்ற அச்சம் இருந்தால், அதுவும் நியாயமானதே. வெட்டிய கிளைகளை நடைபாதையில் விடாமல் அன்றே அள்ளிவிடுங்கள். டிராக்டர் போகும் பக்கத்துத் தாழ்கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, தலைக்கு மேலுள்ள குடையை அப்படியே விடுங்கள். மற்றொரு வரப்பிலும் வளர்க்க விரும்பினால், தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நெற்றிலிருந்து எடுத்த விதைகளை அந்த வெந்நீரில் இட்டு, ஓரிரவு ஊறவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றுங்கள். கன்று ஆள் உயரம் வரும்வரை ஆடு வாய்வைக்காமல் முள்கட்டிக் காக்க வேண்டும்.