மாண்டூவில் 14 மி.மீ. வந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிடத்தான் வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மாமியாருக்குப் போன மாதம் நுரையீரல் காசநோய் உறுதியானது. காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ தோல் ஊசிப் பரிசோதனையில் உங்களுக்குத் தடிப்பு 14 மி.மீ., இருமலோ காய்ச்சலோ இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. மருத்துவர் தடுப்பு மாத்திரை எழுதியிருக்கிறார். "இந்தியாவில் யாருக்குப் போட்டாலும் பாசிட்டிவ்தான், விட்டுவிடு" என்கிறார் அலுவலகத் தோழி. வீட்டில் 4 வயது மகன் இருக்கிறான்.

மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை. மாண்டூ ஊசி போட்டு, தடிப்பை அளந்து எழுதிக் கொடுக்கும் ஆய்வக வேலையில் இருப்பவன். உங்கள் தோழி சொன்னதை வருகிறவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை.

நம் நாட்டில் ஏராளமானோர் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். ஆனால் அந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. தொற்று ஏறிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். வேலைக்கான உடல் பரிசோதனைக்கு வந்து, வீட்டில் யாருக்கும் நோயில்லாத ஒருவருக்கு 14 மி.மீ. வருவதும், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் உங்களுக்கு வருவதும் ஒன்றல்ல. யாருடைய கை என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. பொதுவாக 10 மி.மீ. பாசிட்டிவ் என்றாலும், எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மி.மீ. போதும்.

பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால் வந்திருக்குமோ என்று அடுத்துக் கேட்பார்கள். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசியின் தாக்கம் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கிவிடும். உங்கள் வயதில் பழியை அதன்மேல் போட முடியாது.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: எப்படி அளந்தார்கள்? சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். நான் முதலில் விரலால் தடவிப் பார்ப்பேன். பிறகு பால்பாயிண்ட் பேனாவை முன்கையின் ஒரு பக்கத்திலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுப்பேன். தடிப்பின் விளிம்பில் பேனா தடைபடும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு கோட்டு முனைகளுக்கும் இடையே, கையின் குறுக்காக அளப்பதுதான் கணக்கு. ஊசி போட்ட 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் நேரில் வரவேண்டும். கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் சிவப்பு தெரியும், தடிப்பு தெரியாது. இப்படி விரல் வைத்துப் பார்த்து எழுதிய 14 என்றால் நம்பலாம்.

இக்ரா ரத்தப் பரிசோதனை இன்னும் துல்லியமா என்றால், பி.சி.ஜி. விஷயத்தில் ஆம். பி.சி.ஜி. கிருமியில் இல்லாத ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரு புரதங்களுக்கு ரத்த அணுக்கள் எதிர்வினை காட்டுகின்றனவா என்று அது பார்க்கிறது. இதே புரதங்களைக் கொண்ட சை-டிபி தோல் பரிசோதனையும் இப்போது இந்தியாவில் இருக்கிறது. ஆனால் கிருமி உறங்குகிறதா விழித்துவிட்டதா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. உங்கள் நிலையில் நானாக இருந்தால் இக்ராவுக்குப் பணம் செலவழிக்க மாட்டேன். ரத்தத்தில் டி.பி. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதங்களைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். காசநோய்க்கான அந்த வகைப் பரிசோதனைகளை மத்திய அரசு 2012-இலேயே தடைசெய்துவிட்டது.

நோய் இல்லை என்று உறுதிசெய்வது அறிகுறிகளை விசாரிப்பதும் எக்ஸ்ரேயும்தான். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் சளிப் பரிசோதனை. நோயாக வெளிப்பட்டுவிட்ட உடலுக்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். உங்கள் மருத்துவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். கல்லீரல் தொந்தரவு இருந்தாலும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களைவிட மகனைப் பற்றித்தான் எனக்கு அவசரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிருமி மூளை உறை வரை வேகமாகப் போய்விடக்கூடும். அதனால் அவனுக்கு மாண்டூ முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னதும் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம் என்பதே தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதல். அரசு மருத்துவமனையில் இலவசம். நாளைக்கே அழைத்துப் போங்கள். உங்களிடமிருந்து அவனுக்குப் பரவாது, உறங்கும் கிருமி யாருக்கும் தொற்றுவதில்லை, தாராளமாகத் தூக்கிக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். அவருக்கு இப்போது நெகட்டிவ் வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம், தொற்று ஏறி எட்டு வாரம் வரை மாண்டூ காட்டாமல் இருக்கலாம்.

மாத்திரையை முடித்த பிறகு "போய்விட்டதா பார்ப்போம்" என்று மறுபடி மாண்டூ போடாதீர்கள். குணமானாலும் அது பாசிட்டிவாகவே காட்டும். மாத்திரை முடித்த சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் வேலைக்கோ விசாவுக்கோ கேட்டால் அதையும் எக்ஸ்ரேயையும் காட்டுங்கள்.