நன்றிக் கடிதத்தில் அரியரை எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தனியார் கல்லூரியில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நான் கேட்ட இடம் கிடைக்கவில்லை, பொதுக் கவுன்சிலிங்கில்தான் சேர்ந்தேன். டியூஷன் ஃபீஸ் 55,000 ரூபாய். முதல் பட்டதாரி சலுகை 25,000 போக மீதி 30,000-ஐ ஓர் அறக்கட்டளை நான்கு வருடமும் கட்டியது. அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் மாதம் 1,000 வருகிறது.

இப்போது அறக்கட்டளையிலிருந்து, கல்லூரி அனுபவம் பற்றி இரண்டு பக்கத்தில் நன்றிக் கடிதம் எழுதி மார்ச்சுக்குள் அனுப்பச் சொல்கிறார்கள். ஆண்டு விழாவில் மூன்று நிமிடம் பேசவும் வேண்டுமாம். ஒரு சீனியர் அக்கா தன் கடிதத்தைக் கொடுத்தார். "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த என்னை" என்று தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் கஷ்டம்தான். அதற்காக அப்பாவின் குடியை எல்லாம் எழுத வேண்டுமா?

மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் தேறாமல் அரியர் விழுந்து, அடுத்த முறை முடித்தேன். இரண்டாம் வருடம் பணம் டிசம்பரில்தான் வந்தது. ஜூலையில் ஃபீஸ் கட்ட அம்மா தன் சங்கிலியை நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்தார். இதை எல்லாம் மறைத்தால் பொய் எழுதுவது போல இருக்கிறது. எழுதினால் நன்றிகெட்டவள் என்று நினைப்பார்களோ என்று பயம். எங்கள் புராஜெக்ட் ஆற்று மணலுக்குப் பதில் குவாரி தூள் கலந்த கான்கிரீட். அதைத் தவிரப் பெரிய அனுபவம் என்று சொல்ல எதுவும் இல்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அரியரை எழுதுங்கள். அப்பாவை எழுதாதீர்கள். தாமதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் வேறொரு தாளில்.

ஏன் மார்ச் என்று கேட்கிறார்கள் தெரியுமா? அறக்கட்டளையின் கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. வருமான வரி விலக்குக்காக, பொதுவாக அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும். ஆடிட்டருக்கு உங்கள் நன்றியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் தேடுவது கல்லூரி ரசீது. ஆகவே கட்டண ரசீதுகளின் நகல், எல்லா செமஸ்டர் தரப்பட்டியல், கல்லூரி தந்த போனஃபைடு (அங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று) மூன்றையும் கடிதத்தோடு கலக்காமல் தனியாகக் கிளிப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் விண்ணப்ப எண்ணை எழுதுங்கள். முதல் பட்டதாரி சலுகையை அரசு நேரடியாக உங்கள் கல்லூரிக்கே தந்துவிடுவதால் உங்கள் ரசீதில் 30,000 என்றுதான் இருக்க வேண்டும். 55,000 என்று இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் இப்போதே விளக்கம் எழுதி வாங்குங்கள். ஏப்ரலில் போனால் அந்த கிளார்க் தேர்வு வேலையில் இருப்பார்.

அந்தத் தாள்கள் கோப்புக்குள் போய்விடும். கடிதம் போகிற இடம் வேறு. செயலாளர் படிப்பார், தேர்வுக் குழுவில் ஓரிருவர் படிப்பார்கள், கடைசியில் உங்கள் பெயருக்கு எதிரே பணம் போட்ட நன்கொடையாளர் படிப்பார். ஜவுளிக்கடைக்காரராக இருக்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருக்கலாம். உங்களைப் பார்த்திருக்க மாட்டார். கடிதத்தை அவருக்கு எழுதுங்கள்.

அவருக்கு உங்கள் வறுமை தெரியும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், முதல் வருடம் நீங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து அதையே இன்னும் சோகமாக எழுதிக் காட்டினால், அவர் பணம் போன பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். "கோரப்பிடி"யும் "எண்ணற்ற இன்னல்களுக்கிடையே"யும் ஒரே கட்டுக்குள் பத்துக் கடிதத்தில் வரும். குறளில் தொடங்குகிற கடிதங்களும் அப்படித்தான். 'எந்நன்றி கொன்றார்க்கும்' என்று கண்டதுமே படிப்பவர் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார்.

அப்பா விஷயத்தில் வேறொரு காரணமும் உண்டு. இந்தக் கடிதங்கள் ஆண்டு மலரில் அச்சாகும், முகநூலில் ஏறும், ஊர் வாட்ஸாப் குழுவுக்கும் வந்து சேரும். அப்பாவும் படிப்பார். உங்கள் ஃபீஸுக்கு வந்த உதவிக்கு ரசீதாக அவர் மானத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. கடிதத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்: "இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயர், ஊர், படம் மூன்றையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." எழுத்தில் கேட்டால் செயலாளர்கள் பெரும்பாலும் மதிப்பார்கள். கேட்காவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் எழுத என்ன இருக்கிறது? கணக்கு இருக்கிறது. அவர் தந்த 30,000 டியூஷன் ஃபீஸில் முடிந்தது என்பது அவருக்குத் தெரிந்ததுதான். கல்லூரிச் செலவு அதோடு முடியவில்லை என்பது தெரியாது. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட், வரைபடம் போட மினி டிராஃப்டர், பேருந்துக் கட்டணம் அல்லது மெஸ் பில், செமஸ்டருக்கு முன் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் பழைய வினாத்தாள் கட்டு, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை ஓட்ட ஒரு பழைய லேப்டாப் என்று போகிறது. உங்களுக்கு வருடம் 12,000 புதுமைப் பெண் பணம் வருகிறது. அது எதை எல்லாம் தாங்கியது, எங்கே போதவில்லை என்று நான்கே வரியில் எழுதுங்கள். நன்கொடையாளருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. "ஃபீஸை நாம் கட்டிவிடுகிறோம், முதல் செமஸ்டரில் டிராஃப்டருக்கும் பேருந்துக்கும்தான் பிள்ளை திண்டாடுகிறது" என்று தெரிந்தால், அடுத்த வருடம் சேரும் பெண்ணுக்கு முதல் தவணையோடு 3,000 சேர்த்துத் தரலாமே என்று குழுவில் யாராவது சொல்லக்கூடும்.

அடுத்து அனுபவம். எதுவும் இல்லை என்கிறீர்கள், அந்த கான்கிரீட்டை வைத்துக்கொண்டு!

குவாரி தூள் 0, 25, 50, 75 சதவீதம் என்று நான்கு கலவை போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடைத்து வலுவைப் பார்க்க ஒவ்வொன்றிலும் 7-ஆம் நாளுக்கு மூன்று கான்கிரீட் கட்டி, அதாவது கியூப், 28-ஆம் நாளுக்கு மூன்று. மொத்தம் 24. 150 மில்லிமீட்டர் கியூப் ஒன்று எட்டுக் கிலோ வரும். ஒரு மூட்டை சிமெண்ட் தாராளமாகப் போதும். காசு சிமெண்டில் போகாது, ஜல்லியும் தூளும் ஏற்றி வரும் வண்டி வாடகையில் போகும். கல்லூரி ஆய்வகத்தில் அச்சு எத்தனை இருக்கிறதோ அத்தனைதான் ஒரு நாளில் போட முடியும். ஆறு இருந்தால் நான்கு நாள் ஆகும். அச்சின் உள்பக்கம் எண்ணெய் தடவ மறந்தால் மறுநாள் கழற்றும்போது மூலை உடைந்து வரும். ஒன்று போனால் மூன்றின் சராசரி போச்சு. எல்லாம் சரியாகப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, நாள் எண்ணிப் பார்த்தால் 28-ஆம் நாள் பொங்கல் விடுமுறையில் விழும். ஆய்வகம் பூட்டியிருக்கும். சாவி லேப் அசிஸ்டெண்டிடம், அவர் ஊரில். 31-ஆம் நாள் உடைத்துவிட்டு 28 என்று எழுதுகிறவர்கள் உண்டு. நீங்கள் என்ன செய்தீர்கள்?

அதைத்தான் எழுத வேண்டும். கான்கிரீட் தெரியாத ஜவுளிக்கடைக்காரருக்கும் மூலை உடைந்த கியூப் கண்ணுக்குத் தெரியும். "எனது கல்லூரி வாழ்க்கை எனக்குப் பல அனுபவங்களைக் கற்றுத் தந்தது" என்ற வாக்கியத்தில் அவர் பார்க்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சி போதும், அரைப் பக்கம். நாள், பொருள், எண் மூன்றும் இருக்கட்டும். தமிழ்வழியிலிருந்து வந்ததையும் இப்படியே எழுதலாம். "ஆங்கிலம் கடினமாக இருந்தது" என்பதைவிட, புராஜெக்ட் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எந்தக் கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் வரவில்லை என்பது மேல்.

அரியருக்கு வருவோம். மறைக்க முடியாது. கடிதத்தோடு அனுப்பும் தரப்பட்டியலிலேயே தேறவில்லை என்று காட்டும் 'யு' என்ற எழுத்து இருக்கிறது. தேர்வுக் குழு ஆட்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். சில அறக்கட்டளைகளில் அரியர் இருந்தால் அது முடியும்வரை அடுத்த தவணையை நிறுத்தி வைக்கிற விதியே உண்டு. உங்களுக்கு நிறுத்தவில்லை என்றால் யாரோ உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வாய்ப்பிருக்கிறது. மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எந்தப் பேப்பர், ஏன் போனது, எப்படி முடித்தீர்கள். 'ஏன்' சரியாக இருக்க வேண்டும். "உடல்நிலை", "குடும்பச் சூழல்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் சாக்காகத்தான் தெரியும். சிவிலுக்கு மூன்றாம் செமஸ்டர் கணக்கு என்றால் ஃபூரியர் தொடரும் இசட் டிரான்ஸ்ஃபார்மும் வருகிற பேப்பர். அதில் போகிறவர்கள் பலருக்கு அடிக்காரணம் பிளஸ் ஒன்னில் இருக்கும். பகுதித் தொகையிடல் கையில் இருக்காது, ஒரு குறி மாறும், 16 மதிப்பெண் கேள்வி முழுவதும் சரியும். உங்களுக்கும் அப்படி என்றால் இப்படி எழுதலாம்:

"மூன்றாம் செமஸ்டர் கணக்கில் நான் தேறவில்லை. பிளஸ் ஒன்னில் தொகையிடலை மனப்பாடமாகப் படித்திருந்தேன், ஃபூரியர் தொடரில் அது உதவவில்லை. விடுமுறையில் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன், அடுத்த தேர்வில் முடித்துவிட்டேன்."

அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்த இடத்தில் அவர் உங்களை நம்பத் தொடங்குவார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் "நன்றி"க்கும் எடை வரும். கடிதம் முழுக்க அந்தச் சொல் இரண்டு முறை வந்தால் போதும். "தெய்வமே", "என் பெற்றோருக்கும் மேலான" வேண்டவே வேண்டாம். பெற்ற அம்மா சங்கிலியை அடகு வைத்திருக்கிறார், அவருக்கு மேல் யாரையும் ஏற்ற வேண்டியதில்லை.

தாமதம். இதைச் செயலாளருக்குத் தனித்தாளில், அரைப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்தான் எதையாவது மாற்றக்கூடியவர். நன்கொடையாளருக்கு எழுதும் கடிதத்தில் சொன்னால் அது செயலாளர் மீது புகாராகிவிடும். முதலில் ஏன் தாமதமானது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசோலை கல்லூரிப் பெயரில் வருகிற முறையில் அடிக்கடி நடக்கிற தவறு, பெயர். 'முதல்வர்' என்று எழுதியிருப்பார்கள், கல்லூரியின் வங்கிக் கணக்கு அதை நடத்தும் டிரஸ்டின் பெயரில் இருக்கும். காசோலை திரும்பும். அல்லது உங்கள் கையில் வந்ததைக் கல்லூரி அலுவலகம் மேசை இழுப்பில் போட்டு வைக்கும். காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான், 2012 ஏப்ரலிலிருந்து அப்படி. தேதி தாண்டினால் புதிதாக எழுதி வாங்க வேண்டும். காரணம் தெரிந்தபின் இப்படிக் கேட்கலாம்: "கல்லூரியில் ஜூலைக்குள் கட்டணம் கேட்கிறார்கள். பணம் பிறகு வந்தாலும், ஜூன் மாதமே ஓர் ஒப்புதல் கடிதம் தந்தால் அதைக் காட்டி அவகாசம் கேட்கலாம். இரண்டாம் ஆண்டில் 30,000 ரூபாயை ஒன்றரை வட்டிக்கு ஐந்து மாதம் வாங்கியதில் 2,250 ரூபாய் வட்டி கட்டினோம். இனி வரும் மாணவர்களுக்கு இது மிச்சமாகும்." அம்மா, சங்கிலி, கண்ணீர் எதுவும் வேண்டாம். 2,250 என்ற எண் போதும். இப்படிக் கேட்பது நன்றிகெட்டத்தனம் என்றால், அவர்கள் ஆண்டுதோறும் ரசீது கேட்பதும் சந்தேகபுத்தி என்று ஆகிவிடும். இரண்டுமே கணக்கு வழக்கு.

மூன்று நிமிடம் என்பது சாதாரண வேகத்தில் முந்நூறு சொல்லுக்கு மேல் தாங்காது. நம் மேடைகளில் விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே என்று எட்டுப் பேரை விளிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். "அவையோருக்கு வணக்கம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள். கியூப் கதையைச் சொல்லுங்கள், அரியரை ஒரு வரியில் சொல்லுங்கள், நன்றி சொல்லி இறங்குங்கள். தாமதத்தை மேடையில் சொல்லாதீர்கள். ஐ.ஏ.எஸ். ஆகித் திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதியும் வேண்டாம். அடுத்த வருட விண்ணப்பங்கள் வரும்போது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து படிவங்களைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று சொன்னால் செயலாளர் அங்கேயே உங்கள் போன் நம்பரைக் குறித்துக்கொள்வார்.

கடிதத்தைக் கையால் எழுதுங்கள், நீல மையில், ஏ4 தாளின் ஒரு பக்கம் மட்டும். இடப்பக்கம் ஓர் அங்குலம் விடாவிட்டால் கோப்பில் துளை போடும்போது முதல் எழுத்துகள் போய்விடும். நன்கொடையாளர் பெயரை ஒப்புதல் கடிதத்தில் உள்ளபடி, இனிஷியலோடு எழுதுங்கள். அனுப்பும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். விழாவுக்கு முந்தின நாள், என்ன எழுதினோம் என்று தேடுவீர்கள்.