நுண்பாசி நஞ்சும் எங்கள் கறிச்சட்டியும்: கேள்வி பதில்

கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

குருநகர்: ஐயா, மட்டியை நல்லாய்க் கொதிக்கவைத்தால் நஞ்சு போயிடும்தானே?

போகாது தம்பி. இன்று ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். அலெக்சாண்ட்ரியம் போன்ற சில ஒற்றைக்கலப் பாசிகள் சாக்சிடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை வடித்துத் தின்பதால் அந்த நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். மட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாங்கள் சாப்பிட்டால், நரம்பில் சோடியம் போய்வரும் வாசலை நஞ்சு அடைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், பிறகு விரல்கள். கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடலாம். சூடு இதை அழிக்காது, ஐஸ் பெட்டியும் அழிக்காது. நஞ்சு தண்ணீரில் கரைவதால் அவித்த தண்ணீரிலும் இறங்கும். ஆகவே மட்டி போட்ட கூழும் அதே அளவு ஆபத்து.

தூரத்துக் கதை இல்லை இது. தமிழ்நாட்டில் 1981 இல் மட்டி சாப்பிட்ட 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1997 இல் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள்.

பருத்தித்துறை: கடல் சிவந்தால் நஞ்சு, தெளிவாய் இருந்தால் பயமில்லை. சரியா?

இரண்டும் பிழை. தண்ணீரின் நிறத்தை மாற்றும் பாசி எல்லாமே மனிதருக்கு நஞ்சு இல்லை. 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவில் பெருகிய நொக்டிலூக்கா என்ற பாசி தண்ணீரில் ஒட்சிசனைக் குறைத்து மீன்களைக் கொன்றது. இரவில் அலை நீலமாய் ஒளிர்வதும் அதனால்தான். ஆனால் சாக்சிடொக்சின் தரும் பாசி ஒரு லீற்றரில் சில ஆயிரம் கலங்கள் இருந்தாலே மட்டியில் நஞ்சு ஏறிவிடும். அப்போது தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

நாவாந்துறை: பழப்புளியும் மஞ்சளும் கூடப் போட்டால்?

முறியாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கொக்குவில்: சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து கடித்தது.

அது பாசி இல்லை, ஹிஸ்டமின். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனில் பக்டீரியா உண்டாக்குவது. குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.

லண்டன், சொந்த ஊர் வேலணை: மாலைதீவில் பெரிய கலவாய் சாப்பிட்ட பிறகு குளிர்ந்த தண்ணீர் கையைச் சுடுகிறது. யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன் தங்கச்சி. இதற்குச் சிகுவாடெரா என்று பெயர். குளிர் சூடாகத் தெரிவது அதன் முக்கியமான அடையாளம். செத்த பவளத்திலும் கடற்பாசியிலும் ஒட்டி வாழும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசியில் இது தொடங்குகிறது. அதை மேயும் சிறுமீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய், ஏறஏறச் சேர்கிறது. ஈரல், சினை, தலை ஆகியவற்றில் கூடுதல். அறிகுறி சில கிழமைகளும் இருக்கலாம், சில மாதங்களும் இருக்கலாம். மதுவும் கொட்டை வகைகளும் அதைத் திரும்பக் கிளப்பக்கூடும், கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். வைத்தியரிடம் இந்தப் பெயரையே சொல்லுங்கள். மற்றவர்களுக்கும்: பவளப்பாறைப் பக்கம் பிடித்த பெரிய கலவாய், சீலா என்றால் ஈரலையும் சினையையும் சட்டியில் போடாதீர்கள்.

மயிலிட்டி: எங்கட அப்பு சட்டியுக்குள்ள வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பார். கறுத்தால் கொட்டுவார். இலையான் மொய்க்காட்டியும் தொடமாட்டார். ஒருத்தரும் சாகேல்லை.

காரைநகர்: அண்ணை சொல்லுறது சரி. படிச்ச ஆக்கள் எல்லாத்தையும் பிழை எண்டுகினம்.

தாதி ஒருவர்: வாய் விறைச்சு வந்தவையை நான் பார்த்திருக்கிறன். காசை நம்பாதேங்கோ.

அண்ணை, வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அழுகிய மீனில் அது வரும், கறுக்கும். புது மட்டியில் நஞ்சு இருந்தால் காசு வெள்ளையாகவே இருக்கும், நீங்களும் நம்பிச் சாப்பிடுவீர்கள். இலையானுக்கும் இது தெரியாது. ஒருவரும் சாகவில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியாது. இராத்திரி மூச்சடைத்துப் போனவர்களை அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்?

மயிலிட்டி: அப்ப அப்புவுக்கு ஒண்டும் தெரியாதோ?

அப்படி நான் சொல்லவில்லை. எந்த மாதத்தில் எந்தக் கரையில் மட்டி அள்ளக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அது பெரிய அறிவு, ஆய்வுக்கும் உதவும். காசு வேறு விஷயம். நஞ்சைக் கண்டுபிடிப்பது ஆய்வுகூடம் மட்டும்தான். ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராம் தாண்டினால் பல நாடுகளில் அள்ளவே விடமாட்டார்கள். எங்கள் கரையில் நாங்களே அள்ளும் மட்டியை ஒருவரும் சோதிப்பதில்லை.

சுன்னாகம்: தேசிக்காய் பிழிந்தால்?

புளி, தேசிக்காய், மஞ்சள், உள்ளி, மிளகு எதுவும் முறிக்காது. இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

பாசையூர்: நண்டும் இறாலும்?

இறால், கணவாய், நீலக்கால் நண்டு வழமைபோல் சாப்பிடலாம். பவளப்பாறை இடுக்கில் நிறநிறமாய்த் திரியும் சிறு நண்டுகள் வேண்டாம். சிலவற்றில் இதே சாக்சிடொக்சின் உண்டு.

உரும்பிராய்: பேத்தை மீன்?

பேத்தையில் இருக்கும் நஞ்சை உண்டாக்குவது பக்டீரியா, பாசி இல்லை. ஆனால் அடைப்பது அதே சோடியம் வாசலைத்தான். சாப்பிடவேண்டாம்.

நெடுந்தீவு: இரவில் உதடு விறைத்தால், படகும் இல்லாவிட்டால் என்ன செய்வது?

விடியட்டும் என்று இருக்கவேண்டாம். உடனே தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கும் அடியுங்கள். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு வெளியேறும்வரை மூச்சைக் காப்பதுதான் சிகிச்சை. அதனால் வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள். முதல் நாளைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுவார்கள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரோ இளநீரோ பருக்காதீர்கள், ஒருபக்கமாய்ச் சரித்துப் படுக்கவையுங்கள். மிஞ்சிய மட்டியைக் கொட்டாமல் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். எந்தக் கரையில் அள்ளியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கு இன்னும் விறைக்காவிட்டாலும்.