ஏழாம் மாதத்தில் வரும் அழுகை: ஏற்காட்டுத் தங்கைக்கு

தங்கச்சி, ஏழாம் மாதம், மூன்று வாரமாகத் தூக்கமில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, நீ அழுதால் பிள்ளைக்கு மூளை வளராது என்று மாமியார் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அழுவதால் மூளை வளராமல் போகாதும்மா, முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வை.

மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும், சரி, ஆனால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் ஒருநாள் அழுகை அப்படியே குழந்தைக்குப் போய்விடாது. கடுமையான மனச்சோர்வு வைத்தியமில்லாமல் நீடித்தால் குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு, பின்னாளில் பிள்ளைக்குப் பதற்றம் இவற்றுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

எனக்கும் இரண்டாவது பிள்ளைக்கு இப்படித்தான். அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும், தட்டில் போட்ட சோறு காய்கிறவரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். செக்கப்பில் நர்ஸ் அக்கா 10 கேள்வி கேட்டார், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோல் என்று பேர், ஏழாவது கேள்வியிலேயே உடைந்துவிட்டேன். சிகிச்சை எடுத்தேன். அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு.

இரண்டு வாரம் தாண்டினாலே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், உனக்கு மூன்றாகிவிட்டது. ரத்தசோகை, தைராய்டும் பார்க்கச் சொல். இந்த வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருவது சிரமமென்றால் இன்றைக்கே 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குப் போன் போடு, இலவசம், ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் நீயாக நிறுத்தாதே. செத்துவிடலாம் போலத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதே, வீட்டுக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.