படம் போட்ட மரக் கையேடு வாங்கிவிட்டேன், ஆனால் எல்லா இலையும் ஒன்றுபோலவே தெரிகிறது. எப்படிப் பார்ப்பது?

கேட்டவர் கோவையில் இருக்கிறார். கையேட்டோடு மரத்தடியில் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை, புத்தகம் சரியில்லையா, இல்லை செல்போன் செயலியே போதுமா என்கிறார்.

புத்தகம் சரியாகத்தான் இருக்கும். மரத்தைப் பார்த்து முடிக்கும் முன்பே அதைத் திறந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

எனக்குக் காங்கேயம் பக்கம். திருப்பூரில் வேலை, ஞாயிறானால் ஊர். கையேடு வாங்கிய முதல் வாரம் எங்கள் வாசலில் நிற்கிற புங்கனையே அதில் கண்டுபிடித்துப் பார்க்கலாம் என்று ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். பளபளவென்று, நுனி கூராக, கைவிரல் நீளத்துக்கு ஓர் இலை. அரை மணி நேரம் தேடினேன். நாவல், ஆல், அத்தி எல்லாம் வந்தது, புங்கன் வரவில்லை. ஏனென்றால் நான் கிள்ளியது இலையே இல்லை, இலையின் ஒரு துண்டு. புங்கனுக்கு ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக நிற்பது மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்த முழுக் காம்பும் சேர்ந்துதான் ஓர் இலை. கையேட்டில் அது கூட்டிலைப் பகுதியில் இருக்கிறது, நான் தனியிலைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இலை கிளையோடு சேருகிற கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன மொட்டு உட்கார்ந்திருக்கும், சிலதில் கடுகளவுதான் இருக்கும், நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். மொட்டு இருக்கிற இடத்தில்தான் இலை தொடங்குகிறது. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்கவே இருக்காது. புங்கன் இலையை அப்படிப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு சிற்றிலையின் அடியும் வெறுமையாக இருக்கும், கடைசியில் பருத்த காம்பு கிளையைத் தொடுகிற இடத்தில் மொட்டு வரும். வேம்பும் மலைவேம்பும் இதே பார்வையில்தான் பிரிகின்றன. வேம்புக்கு ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் அரிவாள் போல வளைந்த, விளிம்பில் பல் வெட்டிய சிற்றிலைகள், அவ்வளவுதான். மலைவேம்பில் அந்தத் தண்டிலிருந்து கிளைத் தண்டுகள் பிரிந்து அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கும், சில சமயம் அதுவும் இன்னொரு முறை பிரியும்.

அடுத்து அளவு. படம் வரைகிறவர் புளியிலையையும் தேக்கிலையையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது, அதனால் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். படத்துக்குப் பக்கத்தில் செ.மீ. போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் படத்தை ஒப்பிடாதீர்கள். பையில் ஒரு 15 செ.மீ. ஸ்கேல் இருக்கட்டும். அப்புறம், வெட்டுப்பட்ட மரத்தின் அடியிலிருந்து புதிதாகக் கிளம்புகிற தளிரில் இலை பறிக்க வேண்டாம். நம் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்து ஒடித்து முக்கால்வாசி மரம் அப்படித்தான் நிற்கிறது. அந்தத் தளிரில் இலை வழக்கத்தைவிடப் பெரிசாக இருக்கும், வேல மரமானால் முள்ளும் நீளமாக இருக்கும். முற்றிய கிளையில், வெயில் படுகிற பக்கம் பாருங்கள், கீழே காய்ந்த காய் கிடந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

காய் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குல்மோகர், இயல்வாகை, வாதநாராயணன் மூன்றும் பூ இல்லாத நாளில் தூரத்திலிருந்து அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மூன்றுக்கும் இறகு போலப் பொடி இலை. அடியில் கிடக்கிற காயை எடுத்துப் பாருங்கள். முழங்கை நீளத்துக்கு மரக்கட்டை போலக் கெட்டியாக இருந்தால் குல்மோகர். விரல் நீளத்துக்குள் தட்டையாக, செம்பழுப்பாக, ஓரத்தில் மெல்லிய விளிம்போடு இருந்தால் இயல்வாகை. இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தில் தட்டையாக இருந்தால் வாதநாராயணன். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, வாதநாராயணன் நம் வயல்காட்டு ஓரங்களில் தழையுரத்துக்கு என்று காலங்காலமாக வைத்து வளர்ப்பது. இரண்டும் ஒரே பேரினம் என்று கையேட்டில் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பெயர்தான் பெரிய பாடு. கையேட்டில் 'உசிலை' என்று ஒரு மரம், பொடிப்பொடி இலை, முள் இல்லை, காகிதம் போல மெலிந்த அகலமான காய். படம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது, பெயர் மட்டும் ஒட்டவில்லை. அம்மிச்சியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, நம்ம ஊஞ்ச மரந்தான, இந்தத் தழைய அரைச்ச அரப்புலதான உங்கம்மாளுக்குத் தலைக்கு ஊத்துனேன்" என்றது. அறிவியல் பெயரில் அல்பிசியா அமாரா, ஊர்ப்பெயரில் உசிலை, துரிஞ்சில், ஊஞ்ச, எல்லாம் ஒரே மரம். அன்றைக்கே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'ஊஞ்ச, அரப்பு' என்று எழுதினேன். இன்றைக்கு என் கையேட்டில் பாதிப் பக்கங்களில் அப்படி ஊர்ப்பெயர் இருக்கிறது, பார்த்த இடம், பூத்த மாதம் எல்லாம் கூடவே. புத்தகம் அழுக்காகும் என்று தயங்காதீர்கள். நர்சரியில் 'அசோகா' என்று விற்கிற நெட்டையான மரம் நெட்டிலிங்கம், நிஜ அசோகம் வேறு. 'வாகை' என்றால் வாகையும் உண்டு, தூங்குமூஞ்சி வாகையும் உண்டு, இயல்வாகையும் உண்டு. அதனால் அறிவியல் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அதுவும் மாறும், 2005க்குப் பிறகு நம் வேல மரங்கள் பலவற்றை அகேசியாவிலிருந்து வச்சேலியாவுக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கையேட்டில் பழைய பெயர்தான் இருக்கும்.

செயலி பற்றிக் கேட்டீர்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், பெரிய பூ, பெரிய இலை என்றால் நன்றாகவே சொல்கிறது. பொடி இலை மரங்களில் எனக்கு அது பலமுறை தவறாகச் சொல்லியிருக்கிறது, எங்கள் வெள்வேலைக் கருவேல் என்றது. இன்னொன்று, செல்போனில் எடுக்கிற படத்தில் அன்றைக்கு மரத்தில் இருப்பது மட்டும்தான் வரும். வரைந்த படத்தில் பூ, காய், பட்டை, இலைக்கக்கம், முள் இருக்கிற விதம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும், மரம் அவற்றை வெவ்வேறு மாதங்களில் காட்டினாலும்கூட. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். 1840களில் கோவையில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்த ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்று நம் நாட்டு ஓவியர்கள் இருவர். அந்தப் படங்களைப் பார்த்தால், இலை நரம்பு ஒன்றைக்கூட விடாமல் கண்ணால் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

எனக்கு இது பொழுதுபோக்காகத் தொடங்கி, பிறகு அப்படி இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் கொறங்காடு என்று உண்டு, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல். மாடும் ஆடும் மேய்கிற நிலம் அது. வெள்வேலின் காய் உதிர்ந்தால் ஆடுகள் ஓடிப்போய்ப் பொறுக்கும். சில வருடத்துக்கு முன்னால் பக்கத்துக் காட்டில் சீமைக்கருவேலை எடுக்கப் பொக்லைன் விட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் வேலிமுள்தான், அதாவது சீமைக்கருவேல்தான், முள் இருந்தால் தள்ளு. சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது குவியலில் இளம் வெள்வேல் ஏழெட்டு கிடந்தது. வேரில் மண் காயவில்லை.

அடுத்த வாரம் எங்கள் மாமா காட்டில் வேலை நடக்க இருந்தது. கையேட்டை எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். பட்டை வெளுத்து, மஞ்சள் கலந்த சாம்பலாக இருந்தால் வெள்வேல், பட்டை கறுத்து வெடித்திருந்தால் கருவேல். கருவேலின் காய் விதைக்கு விதை இறுக்கிக் கோத்த மணிமாலை மாதிரி இருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலின் பூ உருண்டையாக இருக்காது, சுண்டுவிரல் போல நீளக் கதிராக இருக்கும், காயிலும் அந்த மணிக் கோப்பு கிடையாது. இலையைப் பிடித்தால் நடுத்தண்டிலிருந்து பிரிகிற கிளைத் தண்டுகளை எண்ணிப் பாருங்கள், சீமைக்கருவேலில் பெரும்பாலும் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, அதோடு சரி. வெள்வேலில் அது நாலுக்குக் குறையாது, பத்துக்கு மேலும் போகும். இளங்கன்றில் பட்டை வெளுத்திருக்காது, அதனால் அங்கே இந்த எண்ணிக்கைதான் கைகொடுத்தது. மதியத்துக்கு மேல் மாமாவே எண்ணத் தொடங்கிவிட்டார். "இது ஆறு மாப்ள, நம்மளுது" என்று தூரத்திலிருந்து கத்துவார், நான் சுண்ணாம்பு வாளியோடு ஓடுவேன். பதினான்கு மரத்துக்கு அடையாளம் வைத்தோம், பதினான்கும் இன்றைக்கும் நிற்கின்றன.

அந்த வெள்வேலின் அறிவியல் பெயர் லூகோஃப்ளியா என்று முடியும். கிரேக்கத்தில் வெள்ளைப் பட்டை என்று பொருள். நம்மவர்கள் வைத்த பெயரும் வெள்வேல்.

கோவையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முதலில் புத்தகத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா மாதிரி மரங்களில் பெயர்ப்பலகை மாட்டிய இடத்துக்குப் போய், பெயரைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் எதிரே நிற்கிற மரத்தில் எங்கே என்று தேடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மரம் போதும். பத்து மரம் ஆனதும் பெயர் தெரியாத மரத்திடம் போகலாம். ஆர்.எஸ்.புரம் பக்கம் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கிறது, மரத்தின் உள்ளே கட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால் திறந்திருக்கும் நாள் விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஆடி, ஆவணியில் நேரம் கிடைத்தால் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் ஒருமுறை வாருங்கள். வெள்வேல் கிளை நுனியெல்லாம் வெளிர் மஞ்சளாகப் பூத்து நிற்கும், கொறங்காட்டு வேலியோரம் நின்றே படத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். உள்ளே போக வேண்டுமென்றால் ஆடு மேய்க்கிறவரிடம் "ஏனுங்கண்ணா, ஒரு மரம் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரே கூட வந்து கிளையை வளைத்துப் பிடிப்பார்.