கோபுரத்தை வரையும் முன் தண்ணீர்க் குழாயை வரையுங்கள்

புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்தின் பண்பாட்டைக் காட்டும் கடைத்தொகுதியை எப்படி வடிவமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் கட்டட வரைவாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில், நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சிறிய கடைத்தொகுதியைப் புதுப்பித்தபோது, நுழைவாயிலுக்குக் கோபுர வளைவும், தூண்களுக்கு மயிலும், தரைக்குக் கோலமும் வரைந்து கொடுத்தேன். உரிமையாளருக்கு மிகவும் பிடித்துப்போனது. திறப்பு விழா முடிந்த பிறகுதான், பூக்கடைக்கு நான் ஒதுக்கிய இடத்தில் குழாயும் இல்லை, வடிகாலும் இல்லை என்பது உறைத்தது. பூக்கார அம்மா கழிவறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்து மல்லிகைச் சரத்தின்மேல் தெளிப்பார். குளிரூட்டியின் வறண்ட காற்றில் அது பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். நான்கு மாதத்தில் அவர் கடையைக் காலி செய்துவிட்டார்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள பழைய கடைவீடுகளில் அந்தத் தொல்லை இல்லை. அவற்றின் முன்னால் ஓடும் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை, 1822இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்ட விதிகளால் வந்தது. தமிழர் கட்டடக்கலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் கூரையும் காற்றும் தெருவோடு ஒட்டிய திறப்பும் இருந்ததால், மாலை கட்டுபவரும் கிளி சோதிடரும் காய்கறிக்காரரும் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். (தேக்கா என்ற பெயர்கூடத் தமிழன்று, ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது.) 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதால் அந்த அஞ்சடிகளில் பல இன்றும் எஞ்சியிருக்கின்றன.

அலங்காரத்தைவிட வசதியே ஒரு சமூகத்தை ஈர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று, சிங்கப்பூரின் பீச் சாலையில் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். தாய்லாந்துச் சாயல் எதுவும் இல்லாத அந்தக் கான்கிரீட் கட்டடம் பல ஆண்டுகள் 'சின்னத் தாய்லாந்து' என்றே அழைக்கப்பட்டது. தெற்குத் தாய்லாந்து நகரமான ஹாட் யாய் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டன. பயணிகளைத் தொடர்ந்து உணவுக்கடைகளும் மளிகைக்கடைகளும் வந்தன. கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு: எந்தக் கடை இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தீர்மானிக்க ஒரே நிர்வாகம் அங்கே இல்லை. பர்மியர்கள் கூடும் பெனின்சுலா பிளாசாவுக்கும் பிலிப்பினோக்கள் கூடும் லக்கி பிளாசாவுக்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

ஆகவே, முகப்பு அலங்காரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சிறு வியாபாரி தாங்கக்கூடிய வாடகைக்குக் கடையின் அளவைச் சுருக்குங்கள். ஈரப்பொருள் விற்கும் கடைகளைக் குளிரூட்டாத விளிம்பில் வையுங்கள். கடை திறப்புப் பூசையில் சாம்பிராணி போட்டால் தீ எச்சரிக்கை மணி அலறாதபடி, புகை வெளியேறும் வழியைத் தொடக்கத்திலேயே பொறியாளரிடம் பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் தமிழக, வங்காளதேசத் தொழிலாளர்கள் புல்தரையில் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; எதுவும் வாங்காமல் உட்கார இடம் கொடுப்பதற்கு நிர்வாகங்கள் தயங்கும், அங்கே நீங்கள்தான் வாதாட வேண்டும்.

உங்கள் வளாகம் எந்தச் சமூகத்துக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், அவர்கள் இப்போது கூடும் இடத்தில் ஒரு வாரயிறுதி முழுவதும் நின்று, யார் எதைத் தரையில் பரப்பி விற்கிறார்கள், தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறார்கள், பேச நிற்பவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.