கீரிமலையில் கழுவாத முகம்

அன்புள்ள அக்கா,

1982 இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தைப் பற்றி சென்ற மாதம் நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, 1942 இல் வந்த மூலப் படத்தையும் இதையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். பழையதில் மிருகத்தை ஒழுங்காகக் காட்டவே இல்லை. ஆனால் பயந்துபோனேன். புதியதில் உடம்பு, இரத்தம், தோலைக் கிழித்துக்கொண்டு சிறுத்தை வெளியே வருவது எல்லாமே இருக்கிறது. பயம் மட்டும் வரவில்லை. அறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் பார்த்தேன். அண்ணன் தங்கையைக் கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்தநாள் பார்த்தேன். ஒளிப்பதிவு நன்றாக இருந்தால் ஆபாசம் கலையாகிவிடுமா? வெள்ளைக்காரரின் இந்த விபரீதக் கற்பனை எங்களுக்கு எதற்கு?

ஒரு வாசகன்,
கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

கதவைப் பூட்டினதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலும் ஒரு கதவில்தான் தொடங்குகிறது.

1942 படத்தில் கல்யாண இரவு. கணவன் ஒரு பக்கம், ஐரீனா மறுபக்கம், நடுவில் பூட்டிய கதவு. அவள் கதவோடு சாய்ந்து முழங்காலில் சரிகிறாள். தூரத்து மிருகக்காட்சிசாலையில் சிறுத்தை உறுமுகிறது. ஆணோடு கூடினால் சிறுத்தையாவோம் என்ற தன் இனத்தின் சாபம் உண்மையென்று நம்புவதால் அவள் கதவைத் திறக்கவில்லை. ஹொலிவூட் தணிக்கையும் அதைத் திறக்க விட்டிருக்காது. தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கும் இயக்குநர் ஜாக் டூர்னருக்கும் ஆர்.கே.ஓ. படநிறுவனம் கொடுத்த காசு சிறியது. நிழலையும் சத்தத்தையும் வைத்து 73 நிமிடத்தில் ஒரு படம் செய்தார்கள். இரவு நீச்சல்குளத்தில் ஒரு பெண் தனியே மிதக்கிறாள், நீரின் ஒளி சுவர்களில் நெளிகிறது, எங்கிருந்தோ உறுமல். மேலே வந்து பார்த்தால் அவளுடைய குளியல் அங்கி கிழிந்து கிடக்கிறது. அவ்வளவுதான்.

1982 படத்தை இயக்கிய போல் ஷ்ரேடர் இந்தக் குளத்தைத் தன் படத்திலும் வைத்தார். அங்கே உங்களோடு முழுதாக உடன்படுகிறேன், அது தோற்ற காட்சி. நீரில் நிற்கும் பெண்ணின் திறந்த மார்பைப் பார்க்கச் சொல்லும் கமெரா, அதே நேரம் இருட்டைக் கவனிக்கவும் சொல்கிறது. இரண்டும் சேரவில்லை.

ஆனால் ஷ்ரேடர் செய்யவந்த வேலை வேறு. இவள் மிருகமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே பழைய படம் ஓடுகிறது. புதியது அந்தச் சந்தேகத்தை முதல் காட்சியிலேயே கைவிட்டுவிடுகிறது. செம்மஞ்சள் மணல்வெளி, மரத்தில் கட்டப்பட்ட பெண், அவளை நோக்கி வரும் கருஞ்சிறுத்தை, ஜோர்ஜியோ மொரோடரின் இசை. பிறகு நியூ ஓர்லியன்ஸ். நஸ்டாசியா கின்ஸ்கியின் ஐரீனாவுக்கு அண்ணன் சொல்கிறான்: எங்கள் இனம் எங்களுக்குள்தான் கூடவேண்டும், வேறு மனிதரோடு கூடினால் சிறுத்தையாவோம், திரும்ப மனித உருவம் வேண்டுமென்றால் கொல்லவேண்டும். இதற்குப் பிறகு அவள் விரும்புகிறவனின் விரல் அவள்மேல் படும் ஒவ்வொரு தருணமும் எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்காகப் பயம், அவளுக்காக அதைவிடப் பெரிய பயம். நீங்கள் மிருகம் பாயும் என்று காத்திருந்திருப்பீர்கள். நான் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காமத்தை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் பயமும் இல்லை, ஆகவே அதை ஆபாசம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

வெள்ளைக்காரரின் கற்பனை என்கிறீர்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் வங்க நாட்டு இளவரசியைச் சிங்கம் தூக்கிப்போகிறது. பிறந்த சிங்கபாகுவுக்குச் சிங்கத்தைப் போன்ற கைகால்கள். அவன் தகப்பன் சிங்கத்தைக் கொன்று, தங்கை சிங்கசீவலியையே ராணியாக்குகிறான். அவர்களுடைய மூத்த மகன்தான் இலங்கையின் முதல் அரசன் எனப்படும் விஜயன். பள்ளிக்கூடத்தில் விஜயன் வந்திறங்கியதைப் படித்தோம், அவன் தாய்தகப்பன் யார் என்று வகுப்பில் யாரும் நின்று கதைக்கவில்லை. உங்களை நிறுத்திவைத்த அந்த இடம் இந்தத் தீவின் கதையிலேயே இருக்கிறது.

இன்னும் கிட்ட வாருங்கள். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறிய இடம் யாழ்ப்பாணத்துக் கீரிமலை. குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே கேணியில் குளித்து மனித முகம் பெற்றாள், மா, அதாவது குதிரைமுகம், விட்ட புரம் மாவிட்டபுரமானது. பிறகு அவளைக் கவர்ந்துபோய் மணந்த அரசன் உக்கிரசிங்கனுக்கும் சிங்கமுகம் என்பார்கள். சிறுபிள்ளையாகப் பெண்கள் கேணியில் நின்றுகொண்டு அம்மம்மாவைக் கேட்டேன்: "குதிரைமுகத்தோட அவ கண்ணாடி பாத்தவவோ?" "முகம் மாறினாப் பிறகு பாத்திருப்பா" என்று சொல்லி என் தலையில் தண்ணீர் ஊற்றினா. 1990 இல் போரால் இடம்பெயர்ந்தபின் பல வருடம் அந்தப் பக்கம் யாரும் போக முடியவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடேயே இருந்தது. எங்கள் கதை அவள் முகத்தைக் கழுவுவதற்குத்தான் அவசரப்படுகிறது. அந்த முகத்தோடு அவள் என்ன ஆசைப்பட்டாள், யார் அவளைத் தொடப் பயந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த வரியை நான் கின்ஸ்கியின் முகத்தில் கண்டேன். சிறுத்தையாக அவள் வெட்கப்படவில்லை. தன் இனத்தோடு இருக்கவேண்டும் என்று அவளே கேட்கிறாள்.

என் கோபம் அதற்குப் பிறகுதான். அவள் விரும்புகிறவன் அவளைக் கட்டிலோடு கயிற்றால் கட்டிக் கூடுகிறான். அடுத்து அவள் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் இருக்கிறாள், அவன் கையால் இரை கொடுத்துத் தடவுகிறான். கட்டச் சொன்னவள் அவள்தான் என்கிறது படம். கூண்டையும் அவள்தான் கேட்டாளா? கமெரா அவன் துக்கத்தோடு நின்றுவிடுகிறது. இவ்வளவு தூரம் அவள் பக்கம் வந்த படம் கடைசியில் அவனிடம் போய்விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பயிற்றுவிக்கச் சுலபம் என்று பியூமா என்ற வேறு பெரும்பூனைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசித்தான் இந்தப் படத்தில் சிறுத்தையாக நடிக்கவைத்தார்கள். உண்மையான கருஞ்சிறுத்தை ஒன்று 2020 மே மாதம் இலங்கை மலையகத்தின் நல்லதண்ணித் தோட்டப்பகுதியில் கண்ணியில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாளில் செத்தது. அந்தச் செய்திப் படத்தைப் பார்த்தபின் ஐரீனாவின் கயிறுகளை அழகான சட்டகமாகப் பார்க்க எனக்கு வருகுதில்லை.

இன்னொருமுறை பார்ப்பீர்களானால், அண்ணன் வரும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அவன் பேசும்போது அவனை விட்டுவிட்டு அவள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா